கேளுங்க அண்ணாச்சி: கப்பல் டூர் வாங்காமல் கரீபியன் தீவுகளைச் சுற்றலாமா?

(பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் நெல்லைச் சீமை வாசகர்களிடமிருந்து கப்பல் பயணம் பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. உவரியில் பிறந்து, கரீபியன் கடலில் ஓடும் பயணிகள் கப்பல்களில் ஸ்டூவர்டாக வேலை பார்த்து, இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கும் அண்ணாச்சி இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

பெருமாள்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: ஹூஸ்டனில் இருக்கும் மகன் எங்களுக்குக் கப்பல் டிக்கெட் போட்டிருக்கிறான் அண்ணாச்சி. கால்வெஸ்டனில் ஏறி கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்காவில் ஃபால்மவுத். ஒவ்வொரு ஊரிலும் சுற்றிப்பார்க்கக் கப்பல்காரர்கள் ஆளுக்கு எண்பது, நூறு டாலர் போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர், பேரனுக்கு ஏழு வயது, எனக்கு முட்டுவலி. நாங்களாகவே இறங்கிச் சுற்றினால் சரிப்படுமா?

சரிப்படும் டீச்சரம்மா. ஆளுக்கு எண்பது என்றே வைத்தாலும் ஐந்து பேருக்கு ஓர் ஊருக்கு 400, மூன்று ஊருக்கு 1,200 டாலர். ரூபாயில் லட்சத்தைத் தாண்டும். அந்தக் காசுக்கு உங்களுக்கு ஒரு வண்டி கிடைக்கும். வண்டி வழியில் படுத்துவிட்டாலும் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகாது என்ற உறுதியும் கிடைக்கும். பார்க்கப்போகிற இடம் பத்து நிமிஷத்தில் இருந்தால் அந்த உறுதிக்கு எதற்கு எண்பது டாலர்? இரண்டு மணி நேரம் போக வேண்டும் என்றால் அது தேவைதான். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் தூரத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மெக்சிகோவின் தீவான கோசுமெலில் கப்பல் கட்ட மூன்று இடங்கள். புன்டா லங்கோஸ்டாவில் கட்டினால் உங்கள் அதிர்ஷ்டம், வாசலைத் தாண்டியதும் சான் மிகேல் ஊர். மற்ற இரண்டும் ஊருக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டர். அங்கே இறங்கினால் சாராயக்கடை, வைரக்கடை, டீ-ஷர்ட் கடை எல்லாவற்றையும் வளைந்து வளைந்து கடந்துதான் ரோட்டுக்கு வர முடியும். வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நிற்காமல் நடந்து டாக்ஸி வரிசைக்கு வந்துவிடுங்கள். கட்டணப் பலகை வைத்திருப்பார்கள். கட்டணம் ஆள் கணக்கு இல்லை, வண்டிக் கணக்கு, நாலு பேர் வரைக்கும். ஐந்தாவதாகப் பேரனையும் ஏற்றிக்கொள்வாரா, பெரிய வண்டிதான் பிடிக்க வேண்டுமா, சொன்ன தொகை டாலரா மெக்சிகோ பீசோவா, இதையெல்லாம் ஏறுவதற்கு முன்னால் மகனைப் பேசச் சொல்லுங்கள்.

சான் மிகேல் உங்கள் முட்டுக்கு இதமான ஊர். தரை சமம், கடலோரம் நீள நடைபாதை, நடுவில் மரநிழலும் பெஞ்சும் உள்ள சதுக்கம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தெம்பு இருந்தால், அதே டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லி, போக வர ஒரே தொகையாகப் பேசி, தீவின் உள்ளே சான் ஹெர்வாசியோ இடிபாடுகளுக்குப் போய் வாருங்கள். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான மாயா ஜனங்கள் இக்ஷெல் என்ற பெண் தெய்வத்தைக் கும்பிடப் படகு ஏறி வந்த இடம் அது. பிள்ளைப்பேறுக்கான தெய்வம். பெரிய கோபுரம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். காட்டுக்குள் சின்னச் சின்னக் கல்மேடைகள், அதன்மேல் உடும்பு மாதிரி இருக்கும் இகுவானாக்கள் வெயில் காயும். பேர்பெற்ற மாயா இடிபாடுகளான துலூமும் சிச்சென் இட்சாவும் கடலுக்கு அந்தப் பக்கம், பெரிய நிலத்தில். ஃபெர்ரியிலேயே முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் ரோட்டுப் பயணம். அவற்றைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் கப்பல் டூர் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரையில் கட்டுவதில்லை. கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். கப்பல் துறை கட்டலாமா என்று 2025-இல் அந்த ஊர் ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படகில் முதல் இடம் டூர் வாங்கியவர்களுக்கு. உங்களுக்கு நேரமாகும், அடித்துப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். படகில் ஏறும்போது அலையில் அது மேலும் கீழும் ஆடும். கேங்வேயில், அதாவது கப்பலில் ஏறி இறங்கும் வழியில், நிற்கிற இரண்டு பையன்கள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், கூச்சப்படாமல் கையைக் கொடுங்கள்.

கரை இறங்கியதும் 'டாக்ஸி, டாக்ஸி' என்று சூழ்ந்துகொள்வார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் பொது நூலகம். பக்கத்திலேயே மினிபஸ் நிலையம். நீல நிற நம்பர் பிளேட் உள்ளவை பொது பஸ்கள். வெஸ்ட் பே போகும் பஸ்ஸில் ஏறினால் செவன் மைல் பீச்சில் இறங்கலாம். ஆளுக்கு ஏறத்தாழ மூன்று அமெரிக்க டாலர். பொதுக் கடற்கரையில் மணலில் உட்காரக் காசு கிடையாது. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும்தான் வாடகை. ஒன்று மட்டும் கவனம். கேமன் டாலர் அமெரிக்க டாலரைவிட மதிப்பு கூடியது. கடைகளில் ஒரு கேமன் டாலருக்கு ஒன்றேகால் அமெரிக்க டாலர் கணக்கு. மெனுவில் பத்து என்று போட்டிருந்தால் எந்தப் பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபால்மவுத் துறைமுகம் 2011-இல் திறந்தது. வாசலுக்கு வெளியே பழைய ஆங்கிலேயர் காலத்து வீடுகளும் ஒரு சந்தைச் சதுக்கமும் உள்ள ஊர். காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை போய்வந்தால் போதும். ஆனால் எல்லோரும் பேசும் டன்ஸ் ரிவர் அருவி ஜமைக்காவின் இன்னொரு துறைமுக ஊரான ஓச்சோ ரியோஸ் பக்கம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். மூன்று ஊரில் ஏதாவது ஓர் ஊருக்குக் கப்பல் டூர் வாங்குவது என்றால் நான் இங்கேதான் வாங்குவேன்.

தென்காசி வாசகர்: அந்த டன்ஸ் ரிவர் அருவிக்கு 25 டாலர் டிக்கெட்டாமே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், உங்களிடம் நான் என்ன சொல்ல! குற்றாலத்தில் தண்ணீர் தலையில் விழ நிற்கிறோம். அங்கே தண்ணீர் படிப்படியாகக் கடலில் போய் இறங்குகிறது. கடற்கரையிலிருந்து ஆரம்பித்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, அருவியின் பாறை மேலேயே ஏறிப்போகிறார்கள். ஏறிப்போகும் நீளம் ஏறத்தாழ 180 மீட்டர். ஒட்டியே படிக்கட்டும் இருப்பதால் முட்டுவலிக்காரர்கள் காய்ந்த துணியோடு மேலே போய் நின்று பேரப்பிள்ளைகளைப் போட்டோ எடுக்கலாம். கப்பல் ஓச்சோ ரியோஸிலேயே கட்டுகிறது என்றால் அருவி சில கிலோமீட்டர்தான். துறைமுக வாசலுக்குள்ளேயே சிவப்பு நம்பர் பிளேட் உள்ள டாக்ஸி பிடியுங்கள். ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும். பின்பட்டை வைத்த, அடிப்பாகம் பிடிமானம் உள்ள செருப்பை வண்ணார்பேட்டையிலேயே வாங்கிக்கொண்டு போனால் அங்கே வாடகை மிச்சம்.

வள்ளியூர் வாசகர்: நாங்களாகச் சுற்றப்போய் நேரம் தப்பிவிட்டால் கப்பல் நிற்காதா அண்ணாச்சி? யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நிற்காது. கயிறு அவிழ்த்தபிறகு ஓடிவருகிறவர்களைக் கேங்வே பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் ரம் பாட்டில் பை, மேலே பால்கனிகளில் நிற்பவர்கள் கைதட்டி விசில் அடிப்பார்கள். பரிதாபமாக இருக்கும். அதற்குள் பாதுகாப்பு ஆட்கள் அவர்களுடைய அறையைத் திறந்து, லாக்கரில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்து, கரையில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் போர்ட் ஏஜென்டிடம் கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஊருக்கு விமானம் பிடித்துப் போவது அவரவர் செலவு.

ஆனால் இது பஸ்ஸோ டாக்ஸியோ கிடைக்காததால் நடப்பது குறைவு. பெரும்பாலும் கடிகாரத்தால்தான் நடக்கிறது. கோசுமெல், ஜமைக்கா, கேமன் மூன்றும் வருஷம் முழுக்க ஒரே நேரத்தில் இருக்கும் ஊர்கள். ஃபுளோரிடாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். மயாமியில் கிளம்பிய கப்பல் தன் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டால், கோடையில் கோசுமெலில் இறங்கியதும் உங்கள் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னே போய்விடும். போனில் மூன்றரை, கப்பலில் நாலரை, கதவு மூடியாயிற்று. இறங்குவதற்கு முன் போனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிடுங்கள். அதைவிட, சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குவது நல்லது.

எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முன்னால், சில கப்பல்களில் ஒரு மணி முன்னால். அறையில் தினமும் வைக்கும் தாளிலோ கப்பல் ஆப்பிலோ இருக்கும். போர்ட் ஏஜென்ட் நம்பரும் அதிலேயே வரும், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் கணக்கு, அந்த நேரத்துக்கும் ஒன்றரை மணி முன்னால் துறைமுக வாசலுக்கு வந்துவிடுவது. காலையில் சீக்கிரம் தூரமான இடத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் அந்த நேரமும் வீணாகாது.

இன்னொன்று, போன். கடலில் இருக்கும்போது அது கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, போகிற தீவுகளின் மேப்பை மகன் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: விசா ஒவ்வொரு தீவுக்கும் தனியாக வாங்க வேண்டுமா? மகன் எச்-ஒன்-பி என்ற வேலை விசாவில் இருக்கிறான்.

முதலில் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்ப நுழைகிறது அல்லவா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ தனியாகக் கேட்பதில்லை. ஜமைக்காவும் பார்படோஸும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்பதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் மார்ட்டினிக், குவாடலூப் தீவுகள் கப்பல் போகும் வரிசையில் வந்தால் மட்டும் விதி வேறு. கப்பல் நிறுவனத்துக்கு ஈமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏறும் இடத்தில் பேசிப் புரியவைக்க முடியாது.

உங்களைவிட உங்கள் மகன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேலைக்கான அனுமதித் தாள் நடப்பில் இருக்கும், ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். அங்கே பல பிள்ளைகளுக்கு இந்த நிலைமை. மெக்சிகோ, கனடாவுக்குச் சில நாள் போய்த் திரும்ப ஒரு சலுகை இருக்கிறது. எச்-ஒன்-பி-க்காரர்களுக்கு அது கரீபியன் தீவுகளுக்குப் பொருந்தாது. வக்கீலிடம் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். அப்படியே, உங்களுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு கப்பலிலும் தீவுகளிலும் செல்லுமா என்றும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் வாசகி: ஹலால் சாப்பாடு கிடைக்குமா? என் கூட வரும் தோழி சைவம். கப்பலிலிருந்து ஏதாவது கட்டிக்கொண்டு இறங்கலாமா?

பழமும் சமைத்த சாப்பாடும் கொண்டு இறங்கக் கூடாது தங்கச்சி. தீவுகளில் விவசாயப் பூச்சி வந்துவிடும் என்று கடுமையான விதி, வாசலில் மோப்ப நாய் நிற்பதும் உண்டு. பாக்கெட் பிரிக்காத பிஸ்கட், முறுக்கு, தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. காலையில் கப்பலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கி, மூன்று மணிக்குத் திரும்பிவந்து மறுபடி சாப்பிட்டால் வெளிச் செலவே இருக்காது. சாப்பாட்டுக்குத்தான் டிக்கெட்டிலேயே காசு கட்டியிருக்கிறீர்கள்.

வெளியே சாப்பிடுவதென்றால் கப்பல் ஆட்கள் போகும் பக்கம் போங்கள். மதியப் பந்தி முடிந்து ராத்திரிப் பந்திக்கு நடுவில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம், சம்பளமும் ஊருக்கு அனுப்ப வேண்டியது. அதனால் பிலிப்பைன்ஸ்காரனும் கோவாக்காரனும் நானும் கடலைப் பார்த்திருக்கும் ஓட்டலுக்குள் போகவே மாட்டோம். இரண்டு தெரு உள்ளே போனால் அதே சோறு பாதி விலை. ஜமைக்காவில் தோழிக்கு, அந்த ஊரின் ராஸ்டஃபாரி மதத்துக்காரர்களின் 'ஐட்டல்' சைவக் கடைகளைத் தேடச் சொல்லுங்கள். கறி கிடையாது, பல இடத்தில் உப்பே போட மாட்டார்கள், ஊறுகாய் பாக்கெட் கைவசம் இருக்கட்டும். உங்களுக்கு பார்படோஸ் நல்லது. குஜராத்திலிருந்து போன முஸ்லிம் குடும்பங்கள் பிரிட்ஜ்டவுனில் தலைமுறைகளாக இருக்கிறார்கள், பள்ளிவாசலும் உண்டு. கப்பலில் ஹலால் வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும், ஏறியபிறகு கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வண்ணார்பேட்டை வாசகர்: பார்படோஸில் ஒரு நாள் நிற்கிறது. கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்க முடியுமா? டூர் பட்டியலில் அது இல்லை.

தம்பி, பட்டியலில் இல்லாததே நல்லது, நடந்தே போய்விடலாம். துறைமுகத்திலிருந்து பொடிநடையாக இருபது நிமிஷம். வாசலில் அந்த ஊர்க் கிரிக்கெட் வீரர் சோபர்ஸின் சிலை நிற்கிறது. 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் ஜெயித்து இந்தியா டி20 உலகக் கோப்பையை வாங்கிய மைதானம். அங்கே நின்று வீட்டுக்கு வீடியோ கால் போடாதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஊருக்குள் நடந்து, பாலம் தாண்டி, கார்லைல் பே கடற்கரையில் குளியுங்கள். தெற்குக் கரை முழுக்கப் பார்க்க ஆசை என்றால் 'இசட்-ஆர்' என்ற வெள்ளை வேன்கள் ஓடுகின்றன. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் மூன்றரை பார்படோஸ் டாலர். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலர். பாட்டு காதைப் பிளக்கும், கண்டக்டர் நெருக்கி நெருக்கி உட்கார வைப்பார், எனக்கு அதில் போவது ரொம்பப் பிடிக்கும். மீதிச் சில்லறை உள்ளூர்க் காசில்தான் வரும், ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட டிரௌசர், தொப்பி எதுவும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்ட விரோதம், குழந்தைகளுக்கும் அதே சட்டம்தான்.

சமாதானபுரம் வாசகி: அந்தப் பக்கம் மாரியம்மன் கோவில் இருக்கிறது என்று என் அப்பா சொல்வார். உண்மையா?

உண்மைதான் அம்மா. பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றிக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுபோனார்கள். மார்ட்டினிக்கில் 1853-இலும் குவாடலூப்பில் 1854-இலும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போன வேலையாட்களின் வாரிசுகள் இன்னும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிறார்கள். தமிழில் பேச வராது. ஆனால் பூஜையில் தமிழ்ப் பாட்டு இருக்கிறது. குவாடலூப்பில் கபெஸ்டெர்-பெல்-ஓ என்ற ஊர்ப் பக்கம், சாங்கி என்ற இடத்தில், பெரிய ரோட்டை ஒட்டியே கோபுரத்தோடு கோவில் நிற்கிறது. கப்பல் கட்டும் புவாந்த்-ஆ-பித்ரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நாலு பேர் சேர்ந்து டாக்ஸிக்குப் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், யூரோவில் கேட்பார்கள். அங்கே ஆங்கிலம் அவ்வளவாகச் செல்லாது. கோவில் போட்டோவை டிரைவரிடம் காட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை கப்பல் நின்றால் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

நேரம் இல்லையென்றால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மசாலாச் சந்தை இருக்கிறது. மஞ்சளும் மல்லியும் சீரகமும் சேர்த்த பொடியைப் பொட்டலம் போட்டு விற்கும் பாட்டிமார்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டவுண் வாசகி: கப்பலில் 'ஷாப்பிங் பேச்சு' என்று ஒன்று வைத்து, எந்தக் கடையில் வைரம் வாங்கலாம் என்று சொல்கிறார்களாமே. நம்பலாமா?

பெயர் சொல்லப்படும் கடைகள் அதற்காகக் காசு கட்டுகிறவை. இலவசமாகத் தரும் குட்டி லாக்கெட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். செயின்ட் மார்ட்டன் தீவில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சிந்தி வியாபாரியாக இருப்பார், இந்தியா என்றதும் ஹிந்தியில் பேசி உட்கார வைத்துவிடுவார். நகைக்கு நம் ரதவீதி போதாதா?

சங்கரன்கோவில் வாசகர்: எந்த மாதம் டிக்கெட் மலிவு?

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கரீபியனில் புயல் காலம். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று கணக்கு, உச்சம் அந்த நடு மாதங்களில். கப்பல் புயலுக்குள் போகாது. சுற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். ஜமைக்காவுக்கு டிக்கெட் போட்டவர் கோசுமெலில் இறங்கியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கப்பலில் வாங்கிய டூர் என்றால் பணத்தைத் தானாகத் திருப்பிவிடுவார்கள். வெளியே நீங்களாக ஆன்லைனில் டூர் பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் முழுக்கத் திரும்பும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். அருபாவும் குராசாவும் புயல் பாதைக்குத் தெற்கே தள்ளி இருக்கும் தீவுகள். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் அந்தப் பக்கம் போகும் கப்பலைப் பார்க்கச் சொல்லுங்கள். அருபாவில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே பஸ் நிலையம், ஈகிள் பீச்சுக்கு பஸ் போகிறது.